சும்மா ஒரு எட்டு

கோடை முடியப்போகிறது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்துகொள்வார்கள். பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு கடித்தால் தெரிந்துவிடும். குடும்பத் தலைவர்களுக்குக் கரண்ட் பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூலிங்குக்குப் போனைப் பார்த்தால் தெரியும். லீவு விட்டதிலிருந்து சட்டைப் பைக்குள் தவளை மாதிரி துள்ளிக்கொண்டே இருந்த அந்தப் போன், ஒரு நாள் காலையில் மேசை மேல் கப்சிப்பென்று கிடக்கும். பழுதாகிவிட்டதோ என்று மனைவியின் போனிலிருந்து தனக்குத்தானே ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொள்வார்.

கூலிங் ஒரு ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். தெருவில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவது அப்படித்தான். ஆள் என்னவோ சதா வியர்த்துக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் வீட்டைக் குளிர வைப்பதற்காக மொட்டை மாடி மொட்டை மாடியாக வெயிலில் காய்கிற பிழைப்பு. அவர் சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில், ஒரு டெஸ்டர் இருக்கும். கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்த்தால் பிடிக்குள் குட்டி விளக்கு எரியுமே, அந்த ஸ்க்ரூ டிரைவர். தூங்கும்போதாவது அதைக் கழற்றி வைப்பாரா என்பது டீச்சருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

டீச்சர் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தம்பதிக்கு ஒரே ஒரு சண்டைதான். அதையே வருஷா வருஷம் தூசி தட்டி எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் லீவு விடுகிற அன்றைக்குத்தான் கூலிங்குக்கு சீசன் சூடு பிடிக்கும். சீசன் ஓய்கிற சமயத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். தெருவே சொந்தக்காரர்களைப் பார்க்கக் கிளம்பிப் போகும்போது டீச்சரும் மகளும் வாசலில் நின்று எல்லாருக்கும் கை காட்டுவார்கள். கூலிங் யார் வீட்டு மாடியிலாவது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் என்ன புண்ணியமோ, பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே போன் அடங்கிவிட்டது.

"கிளம்பறோம்," என்றார் டீச்சர். "எங்க அக்கா வீடு, உங்க மாமா வீடு, கடைசியா உங்க சித்தி வீடு. ஞாயித்துக்கிழமை நம்ம தெரு விளையாட்டு நாளுக்குத் திரும்பி வந்துடறோம்."

"எனக்கென்ன, நான் எப்பவோ ரெடி."

"ஒரு கண்டிஷன். போற இடத்துல நீங்க சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். எதையும் கழட்டக்கூடாது, எதையும் மாட்டக்கூடாது. சொந்தக்காரங்க வீட்டுக்கு சொந்தக்காரரா வரணும், மெக்கானிக்கா வரக்கூடாது. நம்ம கல்யாண ஆல்பத்துல பாதி போட்டோல நீங்க ஏணி மேல நிக்கறீங்க."

"மண்டபத்துல ஏசி ஓடலியே! வந்தவங்க எல்லாம் வேர்த்து..."

"இந்தத் தடவை மட்டும் உங்களால சும்மா இருக்க முடியலைன்னு வைங்க, அடுத்த வருஷத்துலேர்ந்து நானும் பொண்ணும் லீவு விட்ட அன்னைக்கே தனியாக் கிளம்பிடுவோம். பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின நாள்தான் வருவோம். நீங்க இங்க கம்ப்ரசரோட குடும்பம் நடத்துங்க."

டீச்சர் கத்தினால் பயமில்லை. இப்படிக் கேள்வித்தாள் வாசிக்கிற குரலில் மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து. கூலிங்குக்கு வெயிலைத் தாங்க முடியும், காலி வீட்டைத் தாங்க முடியாது. மனைவியும் மகளும் ஒரு ராத்திரி ஏதாவது கல்யாணத்துக்குப் போய்விட்டாலே ஃபிரிட்ஜிடம் பேச ஆரம்பித்துவிடுகிற மனிதர் அவர். லீவு முழுக்க என்றால் அது பதில் சொல்லவே ஆரம்பித்துவிடும்.

"சத்தியமா சும்மா இருக்கேன்," என்றார்.

டூல்ஸ் பை தெரு வாட்ச்மேன் அறைக்குப் போனது. டெஸ்டரை டீச்சர் தன் கையாலேயே உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிரஷ் டப்பாவுக்குள் இருந்த இன்னொரு டெஸ்டரை மகள் கண்டுபிடித்தாள். அவளுக்கு அம்மா ஐஸ்கிரீம் பேசி உளவு வேலைக்கு வைத்திருந்தார். அப்பாவும் ஐஸ்கிரீம் பேசிப் பார்த்தார். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு அம்மா பக்கமே இருந்தாள்.

அடுத்த சிக்கல் வேன். அதன் இரண்டு பக்கமும் 'குளிர்ச்சிக்கு நாங்கள் பொறுப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே போன் நம்பர் இருந்தது. அதோடு போனால் வழியிலேயே நாலு பேர் மறிப்பார்கள். டீச்சர் பழைய கேள்வித்தாள்களைக் கொண்டுவந்து பசை தடவி, எழுத்து தெரியாமல் ஒட்டிவிட்டார். குடும்பம் அப்படியே பத்தாம் வகுப்புக் கணக்குக்குள் உட்கார்ந்துகொண்டு கிளம்பியது. சிக்னலில் பக்கத்தில் பைக்கில் வந்து நின்றவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

"அஞ்சாவது கேள்விக்கு விடை பன்னெண்டுங்களா?"

"பன்னெண்டுதான்," என்றார் டீச்சர். "ஆனா ஸ்டெப் போடாம எழுதினா மார்க் கிடையாது."

முதலில் அக்கா வீடு. அக்காவின் கணவர், அதாவது கூலிங்கின் சகலை, வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க சகலை, வாங்க! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். கூலிங்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காபி வந்தது. காபியின் கடைசி வாய் தொண்டையில் இறங்குவதற்குள் சகலை தொண்டையைச் செருமினார்.

"எங்க ஃபிரிட்ஜ் கொஞ்ச நாளா ஒரு மாதிரி உறுமுது சகலை. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா ஒரு பார்வை பாருங்க, போதும்."

இந்தச் 'சும்மா' இருக்கிறதே, இதற்குக் கூலிங்கின் அகராதியில் பல அர்த்தம் உண்டு. சும்மா பாருங்க என்றால் காசு கிடையாது என்று அர்த்தம். சும்மா ஒரு நிமிஷம் என்றால் சாயங்காலம் வரைக்கும் என்று அர்த்தம். ஆனால் மனைவி சொன்ன சும்மா இது எதிலும் சேராத தனிச் சும்மா. அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் விட்டத்தைப் பார்த்தார்.

"நான் லீவுல இருக்கேன் சகலை," என்றார் கூலிங், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

அன்று பூராவும் அந்த ஃபிரிட்ஜ் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அது ஒரு வியாதியே இல்லை. பின்பக்கம் சுவரில் இடித்துக்கொண்டு அதிர்கிறது, ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தால் தீர்ந்தது. எல்லாரும் பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, கூலிங் தாகம் தாகம் என்று எழுந்து எழுந்து சமையலறைக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் இடுப்பால் ஃபிரிட்ஜுக்கு ஒரு நெம்பு. சாயங்காலம் அது பட்டென்று அடங்கியது.

"அட, நின்னுடுச்சே!" என்றார் சகலை.

"சில சமயம் தானாவே சரியாயிடும்," என்றார் கூலிங்.

"அப்பா இடுப்பால தள்ளினாங்க," என்றாள் மகள்.

"இடுப்பு உங்க உடம்புலதானே இருக்கு?" என்று கேட்டார் டீச்சர். முதல் எச்சரிக்கை அங்கேயே பதிவானது.

அடுத்தது மாமா வீடு. அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி. மாமா நேரடியாக எதையும் கேட்கிற ஆள் இல்லை. அவர் வீட்டு ஹாலில் ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகி, கீழே வைத்திருந்த வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மாமா அந்த வாளியைத் தடவிக் கொடுத்தார்.

"இந்த வாளி எங்க வீட்டுல ஒரு ஆள் மாதிரி ஆயிடுச்சு மாப்ள. ராத்திரி இது நிறையற சத்தம் கேட்டாத்தான் உங்க மாமிக்கே தூக்கம் வருது."

கூலிங் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட். தண்ணீர் வெளியேறுகிற குழாயின் வெளிமுனை அடைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. சொட். குழாயில் வாய் வைத்து ஒரு ஊது ஊதினால் போதும். சொட். டீச்சர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் மாமாவின் காதில் குனிந்தார்.

"நான் கை வைக்க மாட்டேன் மாமா. ஆனா கொல்லைப் பக்கம் சுவத்துல ஒரு வெள்ளைக் குழாய் தொங்குது பாருங்க, அதுல வாய் வச்சு..."

மீதியைக் கேட்க மாமாவுக்குப் பொறுமை இல்லை. துள்ளிக்கொண்டு ஓடினார். ஊதவில்லை, உறிஞ்சினார். வருஷக்கணக்காக அந்தக் குழாயில் குடித்தனம் செய்த பாசியும் சேறும் மொத்தமாக வெளியே வந்தன. மாமா முகத்தை யாரோ பச்சைப் பெயின்ட்டில் முக்கி எடுத்தது போல் இருந்தது. மாமி யாரோ அந்நியன் என்று நினைத்துத் துடைப்பத்தைத் தூக்கிவிட்டார். குளியலறையிலிருந்து ஓடி வந்த டீச்சருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது எச்சரிக்கையையும் கொடுத்தார்.

"நான் கையே வைக்கலியே! வாயாலதானே சொன்னேன்!"

"நான் நாள் பூரா வாயால பேசறதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன். அப்ப அது வேலை இல்லியா?"



சித்தி வீடு இருப்பது தூரம் என்றால் அப்படி ஒரு தூரம். ரோடு போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். இனி ரோடே இல்லை என்று தோன்றுகிற இடத்தில் இடது பக்கம் திரும்ப வேண்டும். சித்தப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே, "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத, உள்ள நிறைய இடம் இருக்கு!" என்று மூன்று பேரையும் முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றினார்.

உள்ளே வெக்கை என்றால் சொல்லி மாளாது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஆனால் சித்தப்பா கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, நெற்றியிலிருந்து வியர்வை தாரை தாரையாக வழிய, "இன்னைக்கு என்னவோ கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு," என்றார். சித்தி தலையில் ஈரத் துண்டு கட்டியிருந்தார். "இங்க இப்ப இதான் ஃபேஷன்," என்று சொல்லி ஆளுக்கொரு துண்டை நனைத்துக் கொடுத்தார். ஹாலில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கியது. அதன் மேல் பிளாஸ்டிக் பூக்கொத்து வேறு செருகியிருந்தது. அங்கேதான் முன்பு ஒரு ஜன்னல் ஏசி இருந்தது. கூலிங் தன் கையால் வாங்கிக்கொடுத்து, தன் கையால் மாட்டிவிட்டுப் போன ஏசி.

சாப்பாடு ஆயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது கூலிங்குக்கு. பொழுது சாய்ந்தது. அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூலிங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஃபிரிட்ஜ் எல்லாம் நல்லா ஓடுதா சித்தி?"

"அமோகமா ஓடுது."

"மிக்சி?"

"அதுக்கென்ன கேடு."

"அந்தத் திரைக்குப் பின்னாடி?"

"அது சுவருடா கண்ணா," என்று சொல்லி, சித்தி எழுந்து போய்த் திரைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா அவசர அவசரமாகச் சீட்டுக்கட்டை எடுத்தார்.

கூலிங் டீச்சரைத் தனியே அழைத்துப் போனார். அவர் முகம் விழுந்து போயிருந்தது.

"சித்தி வேற மெக்கானிக் வச்சுக்கிட்டாங்க," என்றார்.

"நல்லதாப் போச்சு. நீங்க சும்மா இருங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை பாரு. நான் மாட்டின ஏசி! என்னை நம்பலை, அவ்வளவுதானே?"

கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டால் வருத்தம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? டீச்சர் அவர் தலைத் துண்டை இன்னொரு தரம் நனைத்துக் கட்டிவிட்டார்.

வேறு வழியில்லாமல் கூலிங் சும்மா இருக்க ஆரம்பித்தார். சீட்டாடினார். சித்தப்பா சீட்டுப் போடும்போதெல்லாம், "சில்லறை இல்லேன்னா இறங்கிடு," என்று மிரட்டியதில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைக்கு ஒரு ஈரத் துண்டு வயிற்றுக்கு ஒரு ஈரத் துண்டு என்று போட்டு, ஒன்றுக்கும் உதவாத கதைகளாகப் பேசினார்கள். பட்டப்பகலில், சீசன் இன்னும் முழுதாக முடியாத ஒரு பட்டப்பகலில், கூலிங் குறட்டை விட்டுத் தூங்கினார். மகள் அதைச் சாட்சிக்காகப் படம் பிடித்து வைத்தாள். எழுந்தபோது அவருக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. அந்தத் திரையை மட்டும் அவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது சித்தி வேன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பப்ப சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போடா."

"நீங்களும் வாங்க சித்தி. சும்மா ஒரு எட்டு."

"வர்றோம், வர்றோம்."

நம் ஆட்களில் யார்தான் இதைச் சொல்லவில்லை? வாசலில் நின்று வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் உண்மையிலேயே வந்துவிட்டால் எந்த வீட்டிலும் பாய் பத்தாது. கூலிங்கும் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

திரும்பும் வழியில் டீச்சர் தீர்ப்பைச் சொன்னார். "ரெண்டு வீட்டுல ஃபெயில். சித்தி வீட்டுல பாஸ். மொத்தத்துல ஃபெயில்தான். ஆனா பாவம் பார்த்து ஒரு மறுதேர்வு வைக்கறேன். ஞாயித்துக்கிழமை சும்மா உட்காரும் போட்டியில உங்க பேரைக் குடுத்திருக்கேன். அதுல ஜெயிச்சா அடுத்த வருஷம் உங்க சீசன் முடியற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்போம். இல்லைன்னா நாங்க ரெண்டு பேரும் கிளம்பிடுவோம்."

கோடை முடிகிற ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தெரு ஒரு விளையாட்டு நாள் நடத்தும். சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழமும் ஸ்பூனும், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. முட்டி வலிக்காரர்கள் எங்களுக்கும் ஏதாவது வேண்டும் என்று கொடி பிடித்ததால் வந்ததுதான் சும்மா உட்காரும் போட்டி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும், பேசக்கூடாது, சொறியக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. மூச்சு விடலாம். கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்குக் கோப்பை. இத்தனை வருஷமாகக் கூலிங் இந்த விளையாட்டு நாளில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். நாற்காலியில் உட்காருவது இதுவே முதல் தடவை.

மைக் தையல்காரரிடம் இருந்தது. அவரிடம் மைக் போனால் திரும்பி வராது.

"இதோ நமது கூலிங் அவர்கள்! உட்கார்ந்துவிட்டார்! இவரை இந்தத் தெரு உட்கார்ந்து பார்த்ததே இல்லை!"

கூலிங்குக்குப் பக்கத்து நாற்காலியில் வாட்ச்மேன். அவர்தான் நடப்புச் சாம்பியன். சும்மா உட்காருவதையே தொழிலாகச் செய்கிறவரை இதில் சேர்க்கலாமா என்று மருந்துக் கடைக்காரர் ஆட்சேபம் கிளப்பினார். தன் வேலை எவ்வளவு கஷ்டம் என்று வாட்ச்மேன் நீண்ட விளக்கம் கொடுத்த பிறகு அது தள்ளுபடி ஆனது.

விசில் ஊதினார்கள். மருந்துக் கடைக்காரர் முதல் கொசுவிலேயே போய்விட்டார். முட்டி வலிக்காரர்கள் முட்டியைத் தடவித் தடவி வரிசையாக வெளியேறினார்கள். கடைசியில் வாட்ச்மேனும் கூலிங்கும் மட்டும் மிஞ்சினார்கள். அப்போது பார்த்து, வாடகைக்கு எடுத்து வந்திருந்த குளிர்பானப் பெட்டி கட கட என்று உதற ஆரம்பித்தது.

தெருவே திரும்பிக் கூலிங்கைப் பார்த்தது. விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது, பின் மூடியைக் கழற்றிக் குச்சியால் எடுத்தால் போதும். கூலிங்கின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகத் துடித்தது. டெஸ்டர் அங்கே இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை. அவர் விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. கூட்டத்தில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் ஐஸ்கிரீமைக்கூட மறந்து, எழுந்துடாதப்பா எழுந்துடாதப்பா என்கிற மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இந்த முகம் இல்லாத வீட்டில் லீவு முழுக்க எப்படி இருப்பது? பெட்டி எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம்," என்றார் தையல்காரர் மைக்கில். "வாட்ச்மேன் தூங்கிவிட்டார். தூங்குவது சும்மா இருப்பதில் சேருமா?"

கமிட்டி கூடிக் குசுகுசுவென்று விவாதித்தது. குறட்டை ஒரு வேலையா என்று வாக்கெடுப்புக்கே விடப் போனார்கள். அதற்குள் தெருமுனையில் ஒரு கார் ஹாரன் அலறியது. வாட்ச்மேன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தொழில் ரத்தத்தில் ஊறியது. துள்ளி எழுந்து, இல்லாத கேட்டைத் திறக்க ஓடினார்.

"வாட்ச்மேன் அவுட்!" என்று அலறினார் தையல்காரர். "கூலிங் அவர்கள் விசில் ஊதும் வரை உட்கார்ந்திருந்தால் கோப்பை அவருக்கே!"

ஆனால் விசில் வைத்திருந்தவரும் எல்லாரையும் போல அந்தக் காரைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் கார். அதன் தலையில், நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கி, பூப்போட்ட திரைச்சீலை போர்த்திய ஒரு பெட்டி. மேலே பிளாஸ்டிக் பூக்கொத்துகூட அப்படியே செருகியிருந்தது. காரிலிருந்து சித்தப்பா இறங்கி, "இறங்கறவங்க எல்லாம் இறங்குங்க!" என்றார். இறங்குவதற்கு சித்தி மட்டும்தான் இருந்தார்.

"சும்மா ஒரு எட்டு வந்தோம்," என்றார் சித்தி, நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்த கூலிங்கிடம் வந்து. "ஏன்டா இப்படி உக்காந்திருக்க? உடம்பு சரியில்லியா?"

கூலிங் பேசக்கூடாது. கண்ணால் கார் தலையைக் காட்டினார்.

"அதா? அது படுத்து ரொம்ப நாளாச்சு. நீ சும்மா இருக்கறதுக்காக வர்றேன்னு உன் பொண்டாட்டி போன்ல சொல்லிச்சு. ஒரு வருஷமும் இல்லாம பிள்ளை லீவுல வர்றான், அவன்கிட்டப் போயி இதைச் சொல்றதான்னு திரை போட்டு மூடிட்டோம். இப்ப உன் லீவு முடிஞ்சிருச்சுல்ல, அதான் கொண்டாந்தோம்."

"எங்க ஊர்லயே ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம்னேன்," என்றார் சித்தப்பா. "இவ விட்டாத்தானே! என் அக்கா மகன் மாட்டினதுல எவனும் கை வைக்கக்கூடாதுன்னுட்டா."

கூலிங்குக்கு அந்த ஈரத் துண்டு ஞாபகம் வந்தது. கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு ஜில்லுன்னு இருக்கு என்று சொன்ன சித்தப்பா ஞாபகம் வந்தது. இந்த இரண்டு பேரைப் போய் வேறு மெக்கானிக் வைத்துக்கொண்டார்கள் என்று சந்தேகப்பட்டோமே என்று நினைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கை தொடைக்கு அடியில் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"கூலிங் அவர்கள் அழுகிறார்!" என்றார் தையல்காரர். "அழுவது வேலையா, சும்மாவா? கமிட்டி உடனடியாக..."

டீச்சர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அந்தத் தெருவில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான்.

"பாஸ்," என்றார். "நல்ல மார்க்ல பாஸ். எழுந்திருங்க."

கூலிங் எழுந்து போய் சித்தியைக் கட்டிக்கொண்டார். விசில் ஊதாததால் கோப்பை யாருக்கு என்று மறுபடி சண்டை வந்தது. டீச்சர் அதையும் தீர்த்து வைத்தார். அந்த வெக்கையில் மெக்கானிக்கையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் சும்மா இருந்தது யார்? கோப்பை சித்திக்குப் போனது. எதற்கென்று புரியாமலே சித்தி அதை வாங்கி, கவிழ்த்துப் பார்த்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாலு பேர் சேர்ந்து ஏசியை இறக்கிக் கூலிங் வீட்டு வாசல் மேசையில் வைத்தார்கள். கூலிங் மூடியைக் கழற்றவில்லை, முதலில் வயரைச் சொருகி சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான். ஏசி ஒரு தும்மல் தும்மிவிட்டு ஜம்மென்று ஓடியது. குளிர்ந்த காற்று தெருவில் நின்றவர்கள் முகத்தில் எல்லாம் வீசியது. வாட்ச்மேன் அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு ஒண்ணுமே இல்லியே!" என்றார் கூலிங். "சித்தப்பா, கோளாறு இதுல இல்லை. உங்க வீட்டுச் சுவத்துல இருக்கற பிளக் பாயின்ட்டுலதான் கரண்ட் வரலை."

சித்தப்பா காரின் தலையைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார், கயிற்றுச் சிராய்ப்பு விழுந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப சுவத்தையில்ல கொண்டாந்திருக்கணும்?"

தெரு கொல்லென்று சிரித்தது. டீச்சர் தன் கைப்பையைத் திறந்து டெஸ்டரை எடுத்து, கூலிங்கின் சட்டைப் பையில் செருகி, அது நேராக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.

"சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை," என்றார். "ஏசியை வேன்ல ஏத்திக்கிட்டு நாம மூணு பேரும் போவோம். நீங்க இதோடயே வரலாம்."

"நான் பார்த்துடறேன் சித்தி," என்றார் கூலிங். "அது சின்ன வேலைதான். சாக்கெட்டை மாத்தினா..."

"சாக்கெட் கெடக்குது விடுறா," என்றார் சித்தி. "சும்மா வா."